அசையாச் சொத்தும் அசைகிறது

அத்தியாயம் 7: புவித்தட்டு, நிலநடுக்கம், எரிமலை
(10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு, ஐந்து அமர்வுகள்)

பத்திரத்தில் வீட்டையும் மனையையும் ‘அசையாச் சொத்து’ என்று எழுதுகிறோம். கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ நூறு ஆண்டுக்கு முன் கட்டிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு, பட்டாலை, முற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. ஆனால் அந்த வீடும் மனையும், பக்கத்து ஊருணியும் கோயிலும் எல்லாமாகச் சேர்ந்து, வாஸ்து செய்த நாளிலிருந்து இன்றுவரை வடகிழக்காக ஏறக்குறைய 5 மீட்டர் நகர்ந்திருக்கின்றன. இந்தியாவைச் சுமக்கும் பாறைத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால், அது பிறந்ததிலிருந்து நம் நாடு பெரியவர் கையால் ஒரு முழம் நகர்ந்திருக்கிறது.

இந்தப் பாடத்தை இந்த ஒரு முழத்தில் தொடங்குங்கள். கயிற்றில் ஒரு முழம் அளந்து பிள்ளை கையில் கொடுங்கள். “நீ பிறந்தப்ப இந்த வீடு அங்கே இருந்தது, இப்ப இங்கே இருக்கு” என்று சொல்லுங்கள். நம் நகம் வளரும் வேகமும் ஏறக்குறைய இதே அளவுதான் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பாடநூலில் வரும் மேலோடு, கவசம், கருவம் என்ற சொற்கள் அதன் பிறகு வரட்டும். ‘தரை அசைகிறது’ என்பதை மனம் ஒப்புக்கொள்ளாத பிள்ளைக்கு அந்தச் சொற்கள் பரீட்சைக்கு மட்டும்தான் பயன்படும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிவகங்கை மாவட்டம் நிலநடுக்க அபாயம் குறைந்த பகுதி. கடற்கரையும் இல்லை, எரிமலையும் இல்லை. ஆகவே இது யாரோ எவருக்கோ நடப்பது என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இங்குள்ள பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. அவற்றை அனுப்பியவர்கள் தட்டின் ஓரத்தில் வட்டிக்கடை வைத்து, நெல் வியாபாரம் பார்த்தவர்கள். அந்தத் தூண்தான் நமக்குப் பாடப் பொருள்.

முதல் அமர்வு: அக்கரைச் சீமை வரைபடம்

வேண்டியவை: ஆசியா தெரியும் பெரிய வரைபடம், மஞ்சள், குங்குமம், கொஞ்சம் தண்ணீர்.

முந்தைய நாளே வீட்டுவேலை கொடுத்துவிடுங்கள். அப்பத்தா, ஆயா, ஐயா யாரிடமாவது, “நம்ம வீட்டிலோ தெருவிலோ யாரெல்லாம் எந்தச் சீமைக்குப் போனாங்க?” என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கொண்டுவிற்கப் போன செட்டியார் வீடு மட்டுமல்ல, கூடப் போன சமையல்காரர், கணக்கப்பிள்ளை, தோட்டத் தொழிலாளி குடும்பங்களும் உண்டு. இன்று சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் வேலை செய்யும் அண்ணன்மாரையும் சேர்க்கலாம். ரங்கூன், மாந்தலே, மோல்மீன், பினாங்கு, மேடான், சைகோன், கொழும்பு என்று ஊர்கள் வந்து விழும். அவற்றுக்கு மஞ்சள் பொட்டு வையுங்கள்.

அடுத்து, கீழே உள்ள நிலநடுக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் குங்குமப் பொட்டு வைக்கட்டும்.

• 1900 பிப்ரவரி 8, கோயம்புத்தூர்
• 1930 மே 5, பர்மாவின் பெகு
• 1934 ஜனவரி 15, பீகார் – நேபாளம்
• 1950 ஆகஸ்ட் 15, அஸ்ஸாம் – திபெத் எல்லை
• 1993 செப்டம்பர் 30, மகாராஷ்டிரத்தின் கில்லாரி
• 2001 ஜனவரி 26, குஜராத்தின் பூஜ்
• 2004 டிசம்பர் 26, சுமத்ரா
• 2005 அக்டோபர் 8, காஷ்மீர்
• 2015 ஏப்ரல் 25, நேபாளம்
• 2025 மார்ச் 28, மாந்தலே – சகாயிங்

வைத்து முடித்ததும் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, “என்ன தெரியுது?” என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒருவர் விரலால் கோடு இழுப்பார்: காஷ்மீர், நேபாளம், அஸ்ஸாம், பர்மா, சுமத்ரா. மாலை போலத் தொங்கும் அந்தக் கோடுதான் தட்டின் ஓரம். அதைப் பிள்ளையே கண்டுபிடித்தால் ஆயுளுக்கும் மறக்காது. ரங்கூனும் மாந்தலேயும் மேடானும் அந்தக் கோட்டை ஒட்டி இருக்கின்றன. சைகோனும் கொழும்பும் தள்ளி இருக்கின்றன. பூஜ், கில்லாரி, கோயம்புத்தூர் மட்டும் கோட்டில் சேராமல் நிற்கும். “இவை ஏன் இங்கே?” என்ற கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வையுங்கள். ஐந்தாம் அமர்வில் தேவைப்படும்.

1930-ஐப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள். பர்மாவில் நம்மவர் வியாபாரம் உச்சத்தில் இருந்த காலம் அது. பெகுவின் புகழ்பெற்ற சுவேமாதோ பகோடா இடிந்து விழுந்தது. ரங்கூனிலும் கட்டடங்கள் சரிந்தன. அந்த அதிர்வை உணர்ந்தவர்களில் இந்த ஊர்க்காரர்களும் இருந்திருப்பார்கள்.

இரண்டாம் அமர்வு: தட்டுகள் ஏன் நகர்கின்றன, எப்படி உரசுகின்றன

அகலமான பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, ஆடை படிந்ததும் மறுபடி மெல்லிய தீயில் வையுங்கள். அடுப்பைப் பெரியவர்தான் கையாள வேண்டும். பிள்ளைகள் ஒரு கை தூரம் தள்ளி நிற்கட்டும். சூடேறிய பால் அடியிலிருந்து மேலே வரும். ஆடை ஓரிடத்தில் கிழிந்து விலகும், இன்னோரிடத்தில் சுருங்கி மடியும். பூமியின் மேலே உள்ள பாறைத்தட்டு அந்த ஆடை மாதிரி. அடியிலுள்ள வெப்பம் வெளியேறும் வழியில் தட்டுகளும் நகர்கின்றன. குளிர்ந்து கனத்த தட்டின் ஓரம் அடியில் அமிழும்போது, பின்னால் உள்ள பகுதியையும் சேர்த்து இழுக்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிடுங்கள். பாலைப் பார்த்த பிள்ளை, நம் காலுக்கடியில் எங்கும் நெருப்புக் குழம்பு கொதிக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். கவசம் பெரும்பாலும் திடப் பாறைதான். திடமான பொருள் எப்படி ஓடும்? சாலை போடுகிறவர்களிடம் ஒரு கட்டித் தார் வாங்கி வாருங்கள். சுத்தியலால் தட்டினால் உடையும். அதையே தட்டில் வைத்துச் சில வாரம் விட்டால் தானாகப் பரவி வழிந்திருக்கும். அடித்தால் உடைவது, விட்டால் ஓடுவது. கோடிக்கணக்கான ஆண்டு அவகாசம் இருந்தால் பாறையும் அப்படித்தான்.

ஓரங்களை விளக்க ஆத்தங்குடிக் கல்லின் உடைந்த துண்டுகள் போதும். பட்டறைகளில் கேட்டால் கிடைக்கும். ஈர மணல் பரப்பிய தட்டத்தில் துண்டுகளை நெருக்கி அடுக்குங்கள். ஒரு கல்லின் நடுவில் எதுவும் ஆவதில்லை. தள்ளினால் பாதிப்பு முழுவதும் கல்லும் கல்லும் சேரும் இடத்தில்தான். நான்கு அசைவுகளையும் பிள்ளைகள் செய்து பார்க்கட்டும்.

விலகுவது: இரண்டு கல்லையும் பிரியுங்கள். நடுவில் மணல் தெரியும். அட்லாண்டிக் கடலின் அடி இப்படித்தான் அகன்று வருகிறது.

மோதி மடிவது: இதற்குக் கல் வேண்டாம். இரண்டு துண்டுத் துணிகளை எதிரெதிராகத் தள்ளுங்கள். மடிப்பு மடிப்பாக எழும். சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் இந்தியா ஆசியாவுடன் மோதத் தொடங்கியதில் எழுந்தது இமயமலை.

அடியில் போவது: ஒரு கல்லின் ஓரத்தை இன்னொன்றின் அடியில் செருகுங்கள். அந்தமானிலும் சுமத்ராவிலும் நடப்பது இது.

உரசிக்கொண்டு போவது: இரண்டு கல்லையும் பக்கம் பக்கமாக எதிர்த் திசையில் தேயுங்கள். பர்மாவை வடக்குத் தெற்காகப் பிளக்கும் சகாயிங் பிளவு இந்த வகை.

பிறகு ஒரு பென்சிலை எடுத்துக் காட்டுங்கள். பென்சிலின் கருப்பு கிராஃபைட். நம் சிவகங்கைக்குப் பக்கத்திலேயே தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் தோண்டி எடுக்கிறது. கரிமம் கலந்த மிகப் பழைய படிவுகள் பூமிக்குள் ஆழத்தில் புதைந்து, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறும்போது அது உண்டாகிறது. இன்று அமைதியாகக் கிடக்கும் இந்தச் சிவகங்கைச் சீமையும் ஒரு காலத்தில் தட்டுகள் மோதிய மண்தான். ‘நம்ம ஊரில் ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

மூன்றாம் அமர்வு: செங்கலும் ரப்பர் பேண்டும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு செயலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

ஒரு செங்கல். அதைச் சுற்றிக் கட்டிய சணல் கயிறு. கயிற்றின் நுனியில் ஒன்றோடொன்று கோத்த ஆறேழு ரப்பர் பேண்டுகள். சொரசொரப்பான சிமெண்டுத் தரை. பக்கத்தில் ஓர் அளவுகோல்.

ஒரு பிள்ளை ரப்பரின் நுனியைப் பிடித்து, மெதுவாக, ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். இன்னொரு பிள்ளை செங்கல் நகர்ந்த தூரத்தைக் குறிக்கும். முதலில் செங்கல் அசையாது. ரப்பர் மட்டும் நீளும், மெலியும். சுற்றி நிற்கும் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். யாராவது “இப்ப!” என்பார்கள்; ஆகாது. திடீரென்று, யாரும் சொல்லாத நேரத்தில், சரக்கென்று செங்கல் முன்னால் பாயும். ரப்பர் தளரும். மறுபடி இழுங்கள். இந்த முறை சீக்கிரமே நகரும், ஆனால் கொஞ்ச தூரம். அடுத்த முறை வெகுநேரம் பிடிவாதமாக நின்று, நீளமாகப் பாயும். பத்து முறை செய்து பத்து அளவையும் எழுதச் சொல்லுங்கள். எந்த இரண்டும் அச்சு அசலாக ஒத்துப் போகாது.

பிறகு கேளுங்கள்: இழுத்த கை சீராகத்தானே இழுத்தது, செங்கல் ஏன் சீராக வரவில்லை? ‘பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, தாங்க முடியலை, விட்டுருச்சு’ என்ற பொருளில் ஏதாவது பதில் வரும். நிலநடுக்கம் என்பது அவ்வளவுதான். தட்டு சீராக நகர்கிறது. ஓரத்துப் பாறைகள் உரசலால் பற்றிக்கொண்டு நிற்கின்றன. பல ஆண்டு சேர்ந்த இழுவிசை ஒரு கணத்தில் அவிழ்கிறது. 2025 மார்ச் 28 அன்று சகாயிங் பிளவில் அப்படி அவிழ்ந்ததன் அளவு 7.7. நம் கடிகாரத்தில் காலை 11.50 மணி. சுமார் 1,000 கி.மீ. தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் ஒன்று சரிந்தது. பர்மாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு கண்காணிப்புக் கேமராவில் நிலம் பிளந்து நழுவுவதே பதிவாகியிருக்கிறது: ஒன்றரை நொடிக்குள் சுமார் 2.5 மீட்டர்.

‘முன்கூட்டியே சொல்ல முடியுமா?’ என்ற கேள்விக்கும் இந்தச் செங்கலே பதில். எந்தச் செங்கல், எந்தக் கயிறு என்பது தெரியும். என்றைக்கோ பாயும் என்பதும் தெரியும். எந்த நாள், எந்த மணி என்று சொல்ல இன்று யாராலும் முடியாது. நாள் குறித்து வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பக்கூடாது என்பதைப் பிள்ளைகள் இங்கேயே கற்றுக்கொள்வார்கள்.

அளவைப் புரியவைக்க அரிசி எடுங்கள். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 5 என்பது ஓர் அரிசி என்று வைத்தால், 6 என்பது 32 அரிசி. எண்ணி வைக்கச் சொல்லுங்கள். 7 என்பது ஏறக்குறைய ஆயிரம், உள்ளங்கை கொள்ளும். 8 என்பது முப்பதாயிரத்துக்கு மேல். 9 என்றால் பத்து லட்சம். ஒரு சிப்பம் அரிசியையே தூக்கி வந்து வைக்க வேண்டும். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்து சென்னையை உலுக்கியது 5.5. சுமத்ராவில் வந்தது 9.1. ஓர் அரிசியையும் சிப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிள்ளைக்கு, ஐந்தும் ஒன்பதும் அருகருகே உள்ள எண்களாக இனித் தோன்றாது.

நான்காம் அமர்வு: கோலி சோடா சொல்லும் எரிமலை

கண்காட்சிகளில் வினிகரும் சமையல் சோடாவும் ஊற்றிச் செய்யும் எரிமலையை நானும் பல ஆண்டு செய்து காட்டினேன். ஒருமுறை ஒரு சிறுமி, எரிமலைக்குள் வினிகரை யார் ஊற்றுவது என்று கேட்டாள். நுரை பொங்கிய அழகைப் பார்த்தவள், ஏன் பொங்குகிறது என்பதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிழை என் செய்முறையில் இருந்தது. அன்றிலிருந்து கோலி சோடாவுக்கு மாறினேன்.

மூடிய பாட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். குமிழி எதுவும் தெரியாது. கோலியை அழுத்தியதும் ‘உஸ்’ஸென்று நீர் முழுக்கக் குமிழி பறக்கும். வாயு முன்பும் உள்ளேதான் இருந்தது. அழுத்தம் அதைக் கரைத்து வைத்திருந்தது. பாறைக்குழம்பும் இப்படியே. ஆழத்தில் நீராவியும் பிற வாயுக்களும் அதில் கரைந்து கிடக்கும். மேலே ஏறஏற அழுத்தம் குறையும், குமிழி கிளம்பும், குழம்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

சில எரிமலை அமைதியாக வழிகிறது, சில வெடிக்கிறது, ஏன்? அடுப்படிக்குப் போங்கள். ரசம் கொதிக்கும்போது குமிழி சத்தமில்லாமல் உடைகிறது. கேப்பைக்கூழ் கொதிக்கும்போது குமிழி கெட்டிக்குள் மாட்டிக்கொண்டு, ‘பொளக்’கென்று வெடித்துக் கையில் தெறிக்கிறது. ஹவாய்த் தீவுகளின் குழம்பு ரசம் மாதிரி. 1883 ஆகஸ்ட் 27 அன்று வெடித்து, பெரும்பாலும் தான் எழுப்பிய கடலலையால் 36,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கிரகட்டோவாவின் குழம்பு கூழ் மாதிரி.

முதல் நாள் வரைபடத்தில் மேடானுக்கு வைத்த மஞ்சள் பொட்டைக் காட்டுங்கள். அதற்குத் தெற்கே இருக்கும் தோபா ஏரி, சுமார் 74,000 ஆண்டுக்கு முன் வெடித்த ஒரு மாபெரும் எரிமலையின் வாய். சுமார் 100 கி.மீ. நீளம். அதன் சாம்பல் கடல் தாண்டி வந்து ஆந்திரத்தின் ஜ்வாலாபுரம் மண்ணில் இன்றும் படிவாகக் கிடக்கிறது. நம் நாட்டிலும் உயிருள்ள எரிமலை ஒன்று உண்டு: அந்தமானில், போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 135 கி.மீ. தொலைவில் ஆளில்லாத பாரன் தீவு. நூறு ஆண்டுக்கு மேல் அடங்கியிருந்து 1991-ல் மறுபடி வெடித்தது. அதன் பிறகும் அவ்வப்போது புகைகிறது.

ஐந்தாம் அமர்வு: அலை, வீடு, ஒத்திகை

2004 டிசம்பர் 26 காலை 6.28-க்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் அவிழ்ந்தது. ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் நமக்குச் சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டில் சுமார் எட்டாயிரம் பேர் போனார்கள். இலங்கையின் மறைவில் இருந்ததால் தொண்டிப் பக்கம் அலை வலுவிழந்தே வந்தது. 2007-ல் ஹைதராபாதில் எச்சரிக்கை மையம் வந்தது. இதைச் சொல்லும்போது உடல்கள் கிடக்கும் படங்களைக் காட்டாதீர்கள். வகுப்பில் நாகை, கடலூர் உறவுள்ள பிள்ளை இருக்கலாம்; முன்பே விசாரித்து, அதன் வீட்டாரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

அதே நாளில் நடந்த இன்னொன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகே இருக்கிறது சிமேலுவே தீவு. 1907-ல் அங்கே ஒரு பேரலை வந்தது. தப்பியவர்கள் அதை ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. 2004-ல் தீவில் இருந்தவர்கள் சுமார் 78,000 பேர். இறந்தவர்கள் ஏழு பேர். கருவி வந்து சொல்லவில்லை. தாத்தா பாட்டி சொல்லிவைத்த சொல் காப்பாற்றியது. இராமேசுவரம், வேளாங்கண்ணி என்று கடற்கரைக்குச் சுற்றுலா போகும் நம் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு வரி தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது கரும்பலகை மூலையில் உள்ள கேள்விக்கு வாருங்கள். பூஜ், கில்லாரி, கோயம்புத்தூர் ஏன் கோட்டில் இல்லை? ஓரத்தில் தள்ளும் விசை தட்டு முழுவதையும் அழுத்துகிறது. உள்ளே பழைய விரிசல்கள் உண்டு. அரிதாக அவையும் நழுவும். கில்லாரியில் வந்தது 6.2தான். ஆனாலும் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். விடியுமுன் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்களும் கூரையும் அவர்கள் மேல் விழுந்தன. நடுக்கத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கட்டடம்தான்.

ஆகவே கடைசி வேலை வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. தலைமாட்டுக்கு மேல் பரணில் அண்டா குண்டான் இருக்கிறதா? பீரோ சுவரோடு பிணைத்திருக்கிறதா? கட்டிலுக்கு நேர்மேலே கனத்த கண்ணாடிப் படம் தொங்குகிறதா? பிள்ளைகள் பட்டியல் எழுதி வரட்டும். எழுதியவற்றில் ஒன்றையாவது வீட்டார் மாற்றினால் பாடம் வேலை செய்துவிட்டது.

பிறகு ஒத்திகை. “குனி, மறை, பிடி” என்று நீங்கள் குரல் கொடுத்ததும், பிள்ளைகள் மேசைக்கடியில் குனிந்து, தலையையும் கழுத்தையும் மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நிற்கும்வரை எழக்கூடாது. வெளியில் இருந்தால் சுவர், மின்கம்பி, மரம் மூன்றையும் விட்டு விலகி நிற்க வேண்டும். ஓட்டு வீட்டில் தாழ்வாரத்து ஓரம் ஆபத்து; ஓடு சரிந்து விழும் இடம் அது. மாதம் ஒருமுறை செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

பிள்ளைகள் கேட்பவை

“நம்ம ஊர்ல வருமா?” பெரிதாக வரும் வாய்ப்பு குறைவு, வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அதனால்தான் ஒத்திகை. இப்படி நேராகச் சொல்லுங்கள். பொய்யான தைரியத்தைவிட, என்ன செய்வதென்று தெரிந்திருப்பது பிள்ளையின் பயத்தை நன்றாகத் தணிக்கும்.

“பூமியைத் தாங்குற ஆதிசேஷன் அசைஞ்சா ஆடும்னு அப்பத்தா சொன்னாங்களே?” கேலி செய்யாதீர்கள். தரை அசையும் என்பதை அந்தக் காலத்தவர் கதைக்குள் வைத்துக் காத்தார்கள். எதனால் அசைகிறது என்பதை நாம் செங்கல் வைத்துப் பார்த்தோம் என்று சொல்லுங்கள்.

“எல்லாம் நின்னுட்டா நல்லதுதானே?” இந்தக் கேள்வி வந்தால் மகிழுங்கள். தட்டு நகராமல் இருந்திருந்தால் இமயம் இல்லை, கங்கை இல்லை. எரிமலைச் சாம்பல் விழுந்த மண்ணில்தான் ஜாவாவின் நெல் அவ்வளவு செழிப்பாக விளைகிறது.

பாடம் நின்றதா என்று பார்க்க

தேர்வு வேண்டாம். பிள்ளை வீட்டுக்குப் போய், பர்மாத் தேக்குத் தூணோ அப்படி ஏதோ அக்கரைப் பொருளோ இருந்தால் அதைத் தொட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவருக்குத் தன் சொல்லில் இதை விளக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது, அந்த ஊர் ஏன் ஆடியது, நம் வீடு ஆண்டுக்கு எவ்வளவு, எந்தத் திசையில் போகிறது. கேட்டவர் என்ன சொன்னார் என்று மறுநாள் எழுதி வரட்டும். “வீடு எப்படிடா போகும்?” என்று அப்பத்தா கேட்டு, பிள்ளை அந்த ஒரு முழக் கயிற்றை எடுத்துக் காட்டியிருந்தால், அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.